தவறணை, பொலிஸ், பள்ளிக்கூடம்: ஊவாத் தோட்டங்களிற் போதைத் தடுப்புக் கல்வியின் முன்வரலாறு

போதைப்பொருளின் தீமை பற்றியும், பாதாள உலகக் குழுக்களின் வலையில் இளைஞர் வீழ்தல் பற்றியும் பொலிஸ் உத்தியோகத்தர் பாடசாலைக்கு வந்து மாணவர்க்கு எடுத்துரைக்கும் வழக்கம் இன்று நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. சீருடையணிந்த ஒருவர் மேடையில் நிற்பார்; போதைப்பொருள் வகைகளின் படங்கள் காட்டப்படும்; சட்டத்தின் தண்டனைகள் சொல்லப்படும்; ஈற்றில் மாணவர் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பர். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. இம்முயற்சிக்கு அரசு கூடுதலாகப் பணம் ஒதுக்குதல் வேண்டும் என்னுங் குரல், ஹெரோயினும் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமினும் மலையக நகரங்களை எட்டியுள்ள இந்நாளில் வலுப்பெற்று வருகின்றது. பிள்ளைகள் காப்பாற்றப்படல் வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. ஆயின், அப்பணம் யார் கையிற் கொடுக்கப்படல் வேண்டும் என்பது தனியே ஆராயப்பட வேண்டியதொரு வினா. அதனை நிருவாக வசதி பற்றிய வினாவாக மட்டுமே கொள்வோர், தோட்டத்துப் பிள்ளை காக்கிச் சட்டையைக் காணும்போது அதனோடு சேர்த்து வேறெவற்றையெல்லாம் காண்கின்றது என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர்.

ஊவாவின் தோட்டத் தொழிலாளர் அரசு என்பதை மூன்று உருவங்களிற் சந்தித்தனர் எனலாம். சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு வருமானந் திரட்டிய அரசு ஒன்று. வேலை ஒப்பந்தத்தை மீறியோரைப் பிடித்துச் சிறையிலிட்ட அரசு மற்றொன்று. பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அரசு மூன்றாவது. இவை வந்த வரிசையே இங்கு மனங்கொள்ளத்தக்கது. தவறணை முதலில் வந்தது. பொலிஸ் அடுத்து வந்தது. பள்ளிக்கூடம் மிகப் பிந்தி, அதுவும் அரைமனத்தோடு வந்தது. முதலாவது விளைத்த தீங்கைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பு மூன்றாவதற்குரியதாயிருக்க, அது இன்று இரண்டாவதிடம் ஒப்படைக்கப்படுகின்றது. இதன் பொருள் யாது என்பதை வரலாற்றுப் பின்புலத்தில் வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டிற் சாராயம் பரவிய வரலாறு பெருந்தோட்ட வரலாற்றின் ஒரு கூறு. தென்னஞ்சாராயம் மேற்குக் கரையோரத்திலும் தென்கரையோரத்திலும் வடிக்கப்பட்டு மாட்டுவண்டிகளில் மலையேறிய பண்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது அதன் சந்தையும் பெருகியது. ஒவ்வொரு பகுதியிலும் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரராவார். கொடுத்த தொகையையும் அதற்கு மேலும் மீட்பதற்கு அவர் தவறணைகளை நடத்துவார். ஆகவே, கூடுதலாகக் குடிப்பித்தல் குத்தகைக்காரரின் தேவை மட்டுமன்று. அடுத்த ஏலத்திலே தொகை குறையாதிருக்க வேண்டும் என்று விரும்பிய அரசாங்கத்தின் தேவையுமாகும். இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் இச்சாராயக் குத்தகை பெற்ற இடத்தைக் கலாநிதி குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். கொழும்பு மாளிகைகளைப் பற்றி எழுதுவோர், அவற்றின் அத்திவாரத்தில் ஒரு கல்லேனும் பசறையிலோ அப்புத்தளையிலோ கோப்பிக்காய் பறித்தவனின் சம்பளத்தால் வாங்கப்பட்டது என்பதையும் எழுதுதல் நியாயமாகும்.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தவறணை இருந்த இடத்திலேயே இருந்தது. புகையிரதப் பாதை 1924 இற் பதுளையை அடைந்தபின் பண்டங்கள் மலையேறுதல் இன்னும் எளிதாயிற்று. குத்தகை முறைக்குப் பதிலாக 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் புதிய நிருவாகத்தைக் கொணர்ந்தது. கள்ளுத் தவறணையும் சாராயத் தவறணையும் வேறாக்கப்பட்டன. அதனால் தவறணைகளின் தொகை பெருகும் என்ற அச்சம் எழுந்தது. 1903-1905 காலப்பகுதியில் முதன்முறை எழுந்த மதுவொழிப்பு இயக்கம் இதனால் மீண்டும் உயிர்பெற்றது. இவ்வியக்கம் நம் தேசிய எழுச்சி வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது முறையே. எனினும் அது பெரிதும் கரையோரச் சிங்கள பௌத்த மத்தியதர வர்க்கத்தின் இயக்கமாக விளங்கியது. லயத்திலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி அதன் மேடைகளில் இடம் பெற்றானல்லன். 1927 நவம்பரிற் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து மலையகத்திலும் பயணஞ்செய்து, பதுளையிலும் உரையாற்றி, தோட்டத் தொழிலாளரைக் குடியைக் கைவிடுமாறு வேண்டினார். தொழிலாளரை நோக்கி நேரடியாக இதுபற்றிப் பேசியவர் கடல்கடந்து வந்த ஒருவராயிருந்தமை கவனத்துக்குரியது. அவர் சென்றபின்னும் சம்பள நாளன்று கங்காணியின் கடன் கணக்கும் தவறணைக்காரரின் கடன் கணக்கும் தொழிலாளியின் முன் ஒருங்கே விரிக்கப்பட்டன.

இனிப் பொலிஸைப் பற்றி நோக்குவோம். 1865 என்னும் ஆண்டு இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இருமுறை வருகின்றது. அவ்வாண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் எசமான்-வேலையாள் உறவை ஒழுங்குபடுத்தியது. தோட்டத்தை விட்டு அறிவித்தலின்றி நீங்கும் தொழிலாளி அச்சட்டத்தின்படி குடியியல் வழக்கில் எதிராளியாகாது, குற்றவாளியாகவே கருதப்பட்டுச் சிறைத்தண்டனைக்கு ஆளானான். அதே ஆண்டின் 16 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே பொலிஸ் கட்டளைச்சட்டமாகும். அடுத்த ஆண்டில் ஜி. டபிள்யூ. ஆர். கம்பெல் பொலிஸ் தலைமைப் பதவியை ஏற்றார். இவ்விரு சட்டங்களும் ஒரே ஆண்டிற் பிறந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆனால், தோட்டத்தை விட்டோடியவனைத் தேடிப் பிடியாணையோடு வந்தவன் எவனோ அவனே பொலிஸ்காரன் என்பது தொழிலாளியின் அனுபவத்திற் பதிந்தமை தற்செயலன்று. கங்காணிக்குப் பட்ட கடன் தீர்க்கப்பட்டால் ஆளை விடுவிப்பதாக எழுதித் தரும் ‘துண்டு’ முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பொலிஸ் என்பது தோட்டத்தில் உழைப்பை நிறுத்திவைக்கும் வேலிகளுள் ஒன்றாகச் செயற்பட்டது. தொழிலாளருக்கு எதிரான அக்குற்றவியற் பிரிவுகள் நீங்கிவிட்டன. பொலிஸ் கட்டளைச்சட்டமோ திருத்தங்களோடு இன்றும் நடைமுறையிலுள்ளது.

1940 ஆம் ஆண்டு இவ்வனுபவத்தை மேலும் ஆழப்படுத்தியது. அவ்வாண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னுந் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். அச்சம்பவம் அமைச்சர்களையும் தேசாதிபதியையும் மோதவைத்த அரசியல் நெருக்கடியாயிற்று. அன்று பொலிஸுக்குப் பொறுப்பான உள்நாட்டு அமைச்சராயிருந்தவர், முன்னர் மதுவொழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்ற சேர். டி. பி. ஜயதிலக்க என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. வேலைநிறுத்த அலை சில மாதங்களில் ஊவாவை எட்டியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் துரை இணங்கவேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்ட அனுப்பப்பட்ட ஆயுதந்தாங்கிய பொலிஸ் அணியைத் தொழிலாளர் ஆயுதங் களைந்தனர் என இடதுசாரி இயக்க வரலாறுகள் கூறுகின்றன. பின்னர் நிகழ்ந்த அடக்குமுறையும், ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் அவ்வலையைத் தணித்தன. வெவெஸ்ஸவின் கதை நம் பாடநூல்களில் இடம்பெறாவிடினும் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் அதன் நினைவு முற்றாக மறைந்துவிடவில்லை.

பள்ளிக்கூடத்தின் கதையோ வேறு. 1854 இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிசன் ஆங்காங்கே நடத்திய பள்ளிகளை விட்டால், தோட்டத்துப் பிள்ளையின் கல்வி பற்றி அரசு நெடுங்காலம் வாளாவிருந்தது. 1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச்சட்டமே ஆறு முதற் பத்து வயதுவரையான பிள்ளைகளின் கல்விக்குத் தோட்டத் துரைமாரைப் பொறுப்பாக்கியது. பத்து வயதுக்கு மேற் கல்வி தேவையெனச் சட்டமியற்றியோர் கருதவில்லை. கொழுந்துக் கூடை அப்பிள்ளைக்காகக் காத்திருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற அமைப்பு பல தலைமுறைகளுக்கு நீடித்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த 1945 இன் இலவசக் கல்வித் திட்டம் நாட்டையே மாற்றியது என்று கற்கின்றோம். அம்மாற்றத்தின் எல்லைக்கோடு தோட்டத்து வாயிலில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது 1977 முதற்றான். ஏனைய பிள்ளைகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இடையில் முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இவ்வாறு உண்டாயிற்று. இன்றும் பல தோட்டங்களிலிருந்து க.பொ.த. உயர்தர வகுப்புக்குச் செல்ல விரும்பும் மாணவன் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ நாள்தோறும் பேருந்தேற வேண்டியுள்ளமை அவ்விடைவெளியின் எச்சமேயாகும்.

1948 இன் குடியுரிமைச் சட்டத்தையும், அதையடுத்து வாக்குரிமை பறிபோனமையையும், 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையும் இங்கு விரித்துரைத்தல் வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். ஒரு சந்தியிலே தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதை அரசியல்வாதியிடம் முறையிட்டுத் தீர்த்துக்கொள்ளும் வழி வாக்குள்ள ஊருக்கு உண்டு. வாக்கில்லாத லயத்திற்கு அவ்வழியும் இருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியபோது தவறணைகளின் இருப்பிடங்கள் யாவும் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டன.

பொலிஸ் பற்றிய அண்மைக்கால நினைவுகளும் ஊவாவில் உண்டு. 1983 ஜூலையிற் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. காவற்றுறை காக்கவில்லை என்பது பாதிக்கப்பட்டோரின் சாட்சியம். அதனிலும் நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது பிந்துனுவெவ. பண்டாரவளைக்கு அண்மையில் இருந்த அந்நிலையம் ‘புனர்வாழ்வு’ நிலையம் என்ற பெயரையே தாங்கியிருந்தது. இளைஞரைத் திருத்தி நல்வழிப்படுத்தல் அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. 2000 ஒக்டோபர் 25 ஆந் திகதி காலை கும்பலொன்று அதனுட் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. ஏறத்தாழ அறுபது பொலிஸார் அங்கிருந்தனர். விசாரணை ஆணைக்குழு பொலிஸாரின் தவறுகளைச் சுட்டியது. மேல்நீதிமன்றம் 2003 இல் இரு பொலிஸார் உட்பட ஐவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. உயர்நீதிமன்றம் 2005 மே மாதத்தில் அவர்களை விடுவித்தது. இன்று பண்டாரவளைச் சுற்றுவட்டாரத் தோட்டப் பாடசாலையிலே பதினைந்து வயது மாணவனாயிருப்பவன் அப்போது பிறந்திருக்கவில்லை. அவனுடைய தாய் பிறந்திருந்தாள்.

இவ்வளவையும் கூறுதல் இன்றைய பொலிஸ் உத்தியோகத்தர் மீது பழைய பழிகளைச் சுமத்துதற்கன்று. பாடசாலைக்கு வரும் கான்ஸ்டபிள் பெரும்பாலும் ஏழைக் கிராமியக் குடும்பத்துப் பிள்ளை. தன் பணியை நேர்மையுடன் செய்பவராகவும் இருக்கலாம். ஆனால் கல்வி என்பது நம்பிக்கையின்மேல் நடைபெறும் செயல். அந்நம்பிக்கையைச் சீருடை உடனே கொணரும் என்ற கணிப்பு ஊவாவின் வரலாற்றை அறியாதவர்க்கே எளிதில் தோன்றும்.

போதைப்பொருட் சட்டத்தின் வளர்ச்சியைச் சுருங்கக் கூறுவோம். நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத்தது. 1973 இற் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம் தோற்றுவிக்கப்பட்டது. எழுபதுகளின் பிற்கூற்றிலும் எண்பதுகளின் முற்கூற்றிலும் ஹெரோயின் பரவவே, 1984 இன் 11 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. அவ்வாண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் மரண தண்டனையையும் ஆயுட்சிறையையும் கொணர்ந்தது. தடுப்புக் கல்வியும் கடுந்தண்டனையும் இவ்வாறு ஒரே ஆண்டிற் பிறந்த இரட்டைப் பிள்ளைகளாயின. 2006 இன் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்குமான அதிகாரசபையை நிறுவி, இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்கு அவற்றை விற்றலைத் தடைசெய்தது. தண்டனையின் பக்கமே பெரும்பாலும் ஓங்கி நின்றது. 2019 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன மணிலாவுக்குச் சென்று அந்நாட்டு ஜனாதிபதி டுட்டேர்ட்டேயின் போதை எதிர்ப்புப் போரைப் புகழ்ந்தார். 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கிப் பல்லாயிரவரைக் கைதுசெய்தது. அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதனை இடைநிறுத்தக் கோரினர். 2025 ஒக்டோபரில் ‘முழு நாடுமே ஒன்றாக’ என்னும் புதிய தேசிய இயக்கம் தொடக்கப்பட்டது.

பொலிஸார் மூலம் தடுப்புக் கல்வி வழங்கும் எண்ணத்தின் தாயகம் ஐக்கிய அமெரிக்கா. 1983 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் தலைவர் டரில் கேற்ஸ் அந்நகரக் கல்விப் பகுதியோடு சேர்ந்து ‘டெயார்’ என்னுந் திட்டத்தைத் தொடக்கினார். சீருடையணிந்த பொலிஸ் அதிகாரி ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு வாரமொருமுறையாகப் பதினேழு பாடங்கள் கற்பிப்பார். 1986 இன் கூட்டாட்சிச் சட்டம் பாடசாலைப் போதைத் தடுப்புக்குப் பணம் வழங்கியது. 1990 இல் அது திருத்தப்பட்டபோது அப்பணத்தின் ஒரு பகுதி இத்தகைய திட்டங்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டது. சட்டமே நுகர்வோரை உண்டாக்கித் தந்தது எனலாம். தொண்ணூறுகளில் அந்நாட்டுப் பாடசாலை மாவட்டங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கில் டெயார் நடைபெற்றது. பெற்றோர் மகிழ்ந்தனர், பொலிஸார் மகிழ்ந்தனர், அரசியல்வாதிகள் படம் பிடித்துக்கொண்டனர். பிள்ளைகள் போதைப்பொருளை நாடுதல் மட்டும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எட்டு மதிப்பீடுகளைத் தொகுத்து 1994 இல் சூசன் எனெற்றும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, திட்டத்தின் விளைவு மிகச் சிறிதென்றும், ஆசிரியரும் மாணவரும் கலந்துரையாடிக் கற்கும் முறைகளின் விளைவைவிடக் குறைந்ததென்றும் கண்டது. 2003 இல் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு நிறுவனமும் நீண்டகால ஆய்வுகளைப் பரிசீலித்து அம்முடிவையே உறுதிசெய்தது. இவ்விடத்தே மற்றொரு செய்தியையும் நினைவுகூரலாம். சாதாரணமாகப் போதை உபயோகிப்போரும் சுட்டுக் கொல்லப்படல் வேண்டும் என்னுங் கருத்தை 1990 இற் செனற் குழுவின் முன் வெளியிட்டவரும் இதே கேற்ஸ்தான். பிள்ளைக்கு அன்போடு கற்பிக்கும் கையும் அப்பிள்ளையின் தமையனைத் துரத்தும் கையும் ஒன்றாயிருந்தமையை அந்நகரின் ஏழைக் கறுப்பின மக்கள் அறிவர்.

எதிர்மாறான சான்றையும் மறைத்தல் ஆகாது. 1991 இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிற் பிறந்த ‘கிரேற்’ என்னும் குழுத் தடுப்புத் திட்டம், முதற் பெரிய மதிப்பீட்டின் பின் பாடத்திட்டத்தை முற்றாகத் திருத்திக்கொண்டது. விரிவுரை குறைந்தது, பழகிப் பார்க்கும் பயிற்சி கூடியது. திருத்தப்பட்ட வடிவத்தை ஆராய்ந்த எஸ்பென்சன் குழுவினர், ஓராண்டின் பின் குழுவிற் சேர்வதற்கான சாத்தியம் 39 சதவீதம் குறைந்திருந்ததாகக் கண்டனர். ஆயினும் பொதுவான குற்றச்செயல்களில் அத்தகைய குறைவு தென்படவில்லை. ஆகவே பொலிஸார் கற்பித்தால் எதுவும் விளையாது என்று சொல்லிவிட முடியாது. பாடம் எவ்வாறு அமைந்தது, எத்தனை முறை நிகழ்ந்தது, பிள்ளை பேசியதா என்பனவே வேறுபாட்டை உண்டாக்கின. நம் நாட்டில் நடைபெறுவது பெரும்பாலும் ஒரு நாள் உரை. மதிப்பீடு செய்து கைவிடப்பட்ட பழைய டெயாரைவிடவும் அது குறைந்த அளவினது. அயலிலுள்ள கேரளத்தில் 2010 ஓகஸ்டில் 127 பாடசாலைகளிற் தொடங்கிய மாணவர் பொலிஸ் படைத் திட்டம் மற்றொரு வழியைக் கொண்டது. அங்கு அன்றாடப் பொறுப்பு பாடசாலையின் ஆசிரியர் இருவரிடம் உள்ளது. பொலிஸார் பயிற்சிக்கு வந்து செல்வர். ஆசிரியரை நடுவில் வைத்தமை அத்திட்டத்தின் வலு. மாணவர்க்கு அணிநடை எவ்வளவு தேவை என்பது தனி விவாதம். அதே கேரள அரசு தன் கூட்டுத்தாபனம் மூலம் மதுபானம் விற்பது இன்னொரு விவாதம். தமிழ்நாட்டின் டாஸ்மாக் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை.

ஊவாவுக்கு மீள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் நமுனுகுலை மலைச்சாரலிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் இத்தகைய உரையொன்றைக் கேட்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. பதுளை மாவட்டத்திற் சில பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999 இலேயே இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. அன்று உரை சிங்களத்திலேயே நிகழ்ந்தது. ஆசிரியரொருவர் இடையிடையே மொழிபெயர்த்தார். கடலோர நகரங்களிற் புழங்கும் போதைப்பொருள்களின் பெயர்கள் வரிசையாகச் சொல்லப்பட்டன. அவற்றுட் சிலவற்றை அப்பிள்ளைகள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டனர். அவர்களின் லயத்தில் உள்ளவையோ சாராயமும், கசிப்பும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையுமே. கேள்வி கேட்க அழைத்தபோது பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் எழுந்தான்: “சேர், ரோட்டோரத் தவறணைக்கு யார் சேர் அனுமதி குடுக்கிறது?” உத்தியோகத்தர் பொறுமையோடு விடை சொன்னார். அது மதுவரித் திணைக்களத்தின் வேலை, தமது திணைக்களத்தினுடையதன்று என்பதே அவ்விடையின் சாரம். விடை முற்றிலுஞ் சரியானது. மதுவரித் திணைக்களம் நிதியமைச்சின் கீழுள்ளது. அதன் வெற்றி வருமானத்தால் அளக்கப்படுகின்றது.

அதே உரையில் வேறொன்றும் நிகழ்ந்தது. தோட்டத்திற் கசிப்பு வடிப்போர் யாரென்று தெரிந்தால் தமக்கு இரகசியமாக அறிவிக்குமாறு மாணவர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராக்கள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும் இடத்தில், அயல்வீட்டு மாமா கசிப்பு வடிப்பவராகவோ, தன் தந்தையே வாங்கிக் குடிப்பவராகவோ இருக்கையில், அப்பிள்ளையிடம் கேட்கப்படுவது யாது? தொண்ணூறுகளில் அமெரிக்காவிலும் டெயார் வகுப்பிற் கேட்டதை நம்பிப் பெற்றோரைக் காட்டிக்கொடுத்த பிள்ளைகள் பற்றிய செய்திகள் வெளிவந்தன. வீட்டில் ஒரு குடிகாரர் இருப்பதனாற் துன்புறும் பிள்ளைக்கு அத்துன்பத்தைச் சொல்லியழ ஓர் ஆள் வேண்டும். சொன்னால் ஜீப் வரும் என்று அறிந்த பிள்ளை வாய்திறவாது.

குடிப் பழக்கத்தின் சமூக உட்பொருளை நம் நாட்டறிஞர் நன்கு ஆராய்ந்துள்ளனர். பேராசிரியர் தியனாத் சமரசிங்கவும் நோர்வேயின் பெர்ல்யொட் பாக்லியனும் மதுவுக்கும் வறுமைக்குமுள்ள தொடர்பு பற்றிச் செய்த ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. குடித்தவன் செய்வன யாவும் குடியின் செயலென்று மன்னிக்கப்படும் சமூக அனுமதி, மதுவின் இரசாயன விளைவினும் வலியது என்பது அவர்தம் நோக்கு. அந்நோக்கின்படி, போதைப்பொருளைப் பேராற்றல் கொண்ட பயங்கரப் பூதமாகக் காட்டும் உரை அதன் கவர்ச்சியை ஒருவகையிற் கூட்டவே செய்யும். அதன் அற்பத்தனத்தை, அது பறிக்கும் சம்பளத்தை, அது தரும் பொய்யான ஆண்மையை ஒரு வகுப்பறையில் நிதானமாகப் பேசுதற்கு மாணவரின் குடும்பங்களை அறிந்த ஆசிரியர் தேவை. இவ்வேலை ஒரு நாளில் முடிவதுமன்று.

இப்போது பணம் பற்றி. பொலிஸிலும் மதுவரித் திணைக்களத்திலும் கண்டுபிடிப்புகளுக்கு வெகுமதி வழங்கும் நிதியங்கள் உண்டு. ஒரு பிள்ளை போதையை நாடாமல் வளர்ந்தமைக்கு வெகுமதி வழங்கும் நிதியம் எத்திணைக்களத்திலும் இல்லை. நிகழாத ஒன்றை எண்ணிக் கணக்கிடுதல் இயலாதாகையால் அப்படியொன்று இருக்கவும் முடியாது. எனவே தடுப்புக்கென ஒதுக்கப்படும் பணம் எண்ணக்கூடியவற்றை நோக்கி ஓடும் இயல்புடையது: இத்தனை உரைகள், இத்தனை சுவரொட்டிகள், இத்தனை உறுதிமொழிகள். மறுபுறத்தில் அதே திறைசேரி மதுவரியைத் தன் பெரும் வரவுகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. யுக்திய நடவடிக்கை நடைபெற்றுக்கொண்டிருந்த 2024 ஆம் ஆண்டிலேயே முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தமை, அவ்வாண்டு டிசம்பரிற் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்ட பட்டியலால் நாடறிந்ததாயிற்று. குத்தகை ஏலம் ஒழிந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அதன் தருக்கம் ஒழியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பொலிஸாருக்குத் தடுப்புப் பணியில் இடமேயில்லை என்பது எம் வாதமன்று. பாடசாலை வாயிலிற் பையன்களுக்கு ‘ஐஸ்’ விற்பவனைப் பிடிக்க வேண்டியவர் அவர்களே. இருபத்தொரு வயதாகாதவனுக்குச் சாராயம் விற்கும் கடைக்காரர்மீது வழக்கிட வேண்டியவர்களுள்ளும் அவர்கள் அடங்குவர். அச்சட்டம் 2006 முதல் உள்ளது. அதனை ஊவாவின் சந்திகளில் நடைமுறைப்படுத்துவதற்கு வகுப்பறை வேண்டியதில்லை. வகுப்பறைக்கு அவர்கள் ஆசிரியரின் அழைப்பின்பேரில், தமிழறிந்த ஒருவராக, சட்டம் என்ன சொல்கின்றது, பிள்ளைக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு யாது என்பவற்றை விளக்க வரலாம். பாடத்தின் பொறுப்பும் அதற்கான பணமும் பாடசாலையிடமே இருத்தல் வேண்டும்.

நாம் சென்ற அப்பாடசாலையில் வழிகாட்டல், ஆலோசனைக்கென நியமிக்கப்பட்ட ஆசிரியர் இல்லை. கணிதம் கற்பிப்பவரே அப்பொறுப்பையும் சேர்த்து வகித்தார். மாலையில் தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவிலே இருபது முப்பது பிள்ளைகளை இருத்திப் படிப்பிப்பவரும் அவரே. சாதாரண தரம் சித்தியடையாது கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பையன்களுள் இருவர் போதைக்கு அடிமையாகித் திரும்பியதை அவர் அறிவார். அவர்களின் தம்பிமார் அம்மாலை வகுப்பில் உள்ளனர். மின்கட்டணத்தைப் பெற்றோர் பங்கிட்டுக் கொடுக்கின்றனர். கொழுந்து குறைந்த மாதங்களிற் பங்கு சேர்வதில்லை. அம்மாதங்களில் வகுப்பு ஆறு மணிக்கே கலைந்துவிடும்.